அப்ப என்னத்தில கதைக்கிறது?

சென்ற ஆண்டு ஒஸ்லோவில் ஒரு பிறந்தநாள் விழா. எங்கள் மேசையில் இருந்த பெரியவர் ஒருவர் சொன்னார்: "இந்த ஓட்டிசம், ஏடிஎச்டி எல்லாம் வெள்ளைக்காரன்ர வருத்தம். எங்கட ஊரில இதுகள் இருந்ததே? ரெண்டு போட்டு வளர்த்தால் எல்லாம் சரிவரும்."

மேசையில் பத்துப் பேர் இருந்தோம். இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர் "ஓம் அண்ணை" என்றார். மற்றவர்கள் றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்த ஒரு தாயின் மகன் ஒன்றரை வருடமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை என்பது எனக்குத் தெரியும். அவர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அன்று சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கேள்விக்கே வருகிறேன். எங்கள் ஊரில் இதுகள் இருந்தனவா? இருந்தன. கோயில் வீதியில் ஒரே இடத்தில் நின்று ஆடிக்கொண்டிருந்தவரை நாங்கள் "விசர்" என்றோம். வகுப்பில் ஓர் இடத்தில் இருக்க முடியாதவனைக் "குழப்படி" என்றோம். எழுத்துகள் இடம்மாறித் தெரிந்தவளை "மொக்கு" என்று சொல்லிப் பதினைந்து வயதில் பள்ளியிலிருந்து நிறுத்தினோம். பெயர்கள் இருந்தன, அவை வசவுகளாக இருந்தன என்பதுதான் வித்தியாசம். இலங்கையில் 18 முதல் 24 மாதக் குழந்தைகளிடம் ஹேமமாலி பெரேராவும் சக ஆய்வாளர்களும் செய்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. 93 குழந்தைகளில் ஒருவருக்கு ஓட்டிசம் என்றது அது. சிறிய ஆய்வுதான். ஆனால் அந்தக் குழந்தைகள் ஒஸ்லோவில் பிறந்தவர்களல்லர்; வெள்ளைக்காரக் குழந்தைகளும் அல்லர்.

இரண்டாவது பதில் எனது தம்பி.

*

பாட்ஸ்பியோர்ட் எங்கே என்று கேட்பவர்களுக்கு: நோர்வேயின் வரைபடத்தில் வடகிழக்கு மூலைக்குப் போங்கள். இதற்கப்பால் கடல்தான் என்ற இடத்தில் நில்லுங்கள். பின்மார்க்கில், வாரங்கர் குடாநாட்டின் வடகரை. ஏறத்தாழ 2000 பேர். நோர்வேயின் மீன்பிடித் தலைநகர் என்று தன்னைத்தானே அழைத்துக்கொள்ளும் ஊர். குளிர்காலத்தில் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் சூரியன் எழாது. ஊருக்குள் வர மலைக்கு மேலால் ஒரேயொரு தெரு. காற்றடித்தால் அதையும் மூடிவிடுவார்கள், அல்லது பனி தள்ளும் வண்டிக்குப் பின்னால் வரிசையாகப் போகவேண்டும்.

1980களின் பிற்பகுதியிலிருந்து எங்கள் சனம் அங்கே போனது மீன் தொழிற்சாலைகளுக்கு ஆள் தேவைப்பட்டதால். மொழி வராவிட்டாலும் வேலை கிடைத்தது. கத்தி பிடிக்கத் தெரிந்தால், நின்ற நிலையில் எட்டு மணித்தியாலம் நிற்க முடிந்தால், போதும். என் அப்பா 1987இல் நோர்வேக்கு வந்தார். அம்மாவும் நானும் 1990இல் வந்து சேர்ந்தோம். எனக்கு ஒன்பது வயது. தம்பி 1991இல் கிர்கெனெஸ் வைத்தியசாலையில் பிறந்தான்.

மூன்று வயதில் அவனிடம் இருபது சொற்கள்வரை இருந்தன. எல்லாம் தமிழ். "அம்மா", "பால்", "போட்", "காத்து". துறைமுகத்துக்கு வரும் படகுகளை எஞ்சின் சத்தத்தை வைத்தே வேறுபடுத்துவான். ஒவ்வொரு படகுக்கும் கையால் ஒரு சைகை வைத்திருந்தான். கம்பளிச் சட்டையின் கழுத்துத் துண்டு பட்டால் அலறுவான். யாரையும் நேரே பார்க்க மாட்டான். ஆனால் அம்மா வேலை முடிந்து வரும்போது, படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டதும் கதவடியில் போய்க் குந்திக்கொள்வான். அம்மா அவனோடு தமிழில் ஓயாமல் கதைப்பார். அவன் பதில் சொல்லாவிட்டாலும் கதைப்பார். அன்று வெட்டிய மீன், வந்த கடிதம், கைதடியில் கிணற்றடியில் நிற்கும் தேசிமரம், எல்லாம் சொல்வார்.

1996இல் வேறொரு நகரிலிருந்த ஓர் அலுவலகத்துக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனோம். அப்பாவுக்கு வேலை. அம்மா, தம்பி, நான். மொழிபெயர்ப்பாளர் ஒழுங்கு செய்யப்படவில்லை. நான் இருக்கிறேனே, எனக்குப் பதினைந்து வயது, நல்ல நோர்வீஜியம். அங்கிருந்த நிபுணர் அன்பானவர். தம்பிக்குப் பெட்டிகளும் படங்களும் கொடுத்துப் பார்த்தார். கடைசியில் சொன்னார்: பிள்ளைக்கு மொழி வளர்ச்சி பிந்துகிறது, இரண்டு மொழிகள் அவனைக் குழப்புகின்றன, ஆகவே வீட்டில் நோர்வீஜியம் மட்டும் பேசுங்கள், அதுதான் அவனுக்கு நல்லது.

நான் மொழிபெயர்த்தேன்: "அம்மா, இனித் தம்பியோட தமிழில கதைக்க வேண்டாமாம்."

அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: "அப்ப என்னத்தில கதைக்கிறது?"

அந்தக் கேள்வியை நான் மொழிபெயர்க்கவில்லை. நிபுணர், அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டார். "சரி என்று சொல்கிறார்" என்றேன். எனக்கு வீட்டுக்குப் போகவேண்டும். மலைத்தெருவை மூடிவிடுவார்களோ என்ற பயமும் இருந்தது.

அம்மா சொல்வழி கேட்கிறவர். அன்றிலிருந்து தம்பியோடு அவர் கதைத்தது நான்கு சொற்கள். கொம், ஸ்பிஸ், இக்கெ, ஸோவ். வா, சாப்பிடு, வேண்டாம், நித்திரைகொள். தேசிமரம் பற்றிச் சொல்ல அவரிடம் நோர்வீஜியம் இல்லை. ஆகவே அவர் சொல்லவில்லை. தம்பி ஆறு வயதில் தமிழை மறந்தான். நோர்வீஜியம் எட்டு வயதுக்குப் பிறகுதான் வந்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகள் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அவனோடு பேச ஒரு மொழி இருக்கவில்லை.

அவனுக்கு ஓட்டிசம் என்று 2018இல் எழுதிக் கொடுத்தார்கள். அப்போது அவனுக்கு 27 வயது.

*

அந்த அறிவுரை பிழை. தீயெண்ணத்தோடு சொல்லப்படவில்லை, ஆனால் பிழை. 2012இல் மான்ட்ரியலில் ஹாம்ப்ளி, ஃபோம்போன் என்ற இரு ஆய்வாளர்கள், ஒரு மொழியில் வளரும் ஓட்டிசப் பிள்ளைகளையும் இரு மொழிகளில் வளரும் ஓட்டிசப் பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். இருமொழிப் பிள்ளைகளுக்கு மேலதிகத் தாமதம் எதையும் அவர்கள் காணவில்லை. பின்னர் வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் அந்தப் பக்கமே நிற்கின்றன. மொழியை வெட்டினால் பிள்ளைக்கு இன்னொரு மொழி முளைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. தாய்க்கும் பிள்ளைக்கும் இடையிலுள்ள பேச்சு வெட்டுப்படும் என்பதற்கு எங்கள் வீடே ஆதாரம்.

எப்படி இது மாறியது என்று கவனியுங்கள். யாரோ ஒரு குடியேறிய தாய், தகப்பன், தங்கள் பிள்ளையோடு ஓர் ஆய்வுகூடத்துக்குப் போனார்கள். வினாக்கொத்தை நிரப்பினார்கள். "எங்கள் வீட்டில் இந்த மொழி பேசுகிறோம்" என்று சொன்னார்கள். அவர்கள் போனதால்தான் இன்று இன்னொரு நகரத்தில் இன்னொரு தாய் வாயைப் பூட்டத் தேவையில்லை. ஆய்வாளர்கள் என்றால் வெள்ளைச் சட்டை போட்டு எங்களை எலிகளாக்குபவர்கள் என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்கவேண்டும்.

பின்மார்க் தமிழருக்கு இது புதிய விடயமும் அல்ல. 1990களின் இறுதியில் ஆன் சிக்ஃப்ரிட் கிரோன்செத் என்ற நோர்வீஜிய மானிடவியலாளர் வடகரையின் மீன்பிடிக் கிராமமொன்றில் எங்கள் சனத்தோடு வாழ்ந்தார். ஊரின் உண்மைப் பெயரை மறைத்து எழுதினார். சுகாதார நிலையத்துக்குத் தமிழர்கள் திரும்பத் திரும்ப உடம்பு நோ, தலையிடி, களைப்பு என்று வந்தார்கள். வைத்தியர்களால் நோய் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. கிரோன்செத் குசினிகளில் இருந்து தேத்தண்ணி குடித்து அந்த நோவைக் கேட்டார். இழந்த உறவுகளும், தன்னை யாரென்று அறிந்த ஓர் ஊரும் இல்லாமற்போனதும் உடம்பில் நோவாக நிற்பதை அவர் எழுதினார். அவருடைய நூல் 2010இல் ஆங்கிலத்தில் வந்தது. எங்கள் பெற்றோரின் நாரியுளைவு "பாவனை" அல்ல என்பதை நோர்வீஜிய வைத்தியத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் அவர் ஒருவர். பெற்றோர் தலைமுறை அவருக்குக் கதவைத் திறந்தது.

அவர்களுடைய பிள்ளைகளான நாங்கள், வாசலில் கமெரா பூட்டியிருக்கிறோம்.

*

கடினமாகத்தான் எழுதுகிறேன். வேறெப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

பிள்ளைக்கு மதிப்பீடு தேவை என்று பள்ளிக்கூடம் சொன்னால் எங்களில் பலர் முதலில் கேட்பது "இதால பிள்ளைக்கு என்ன உதவி கிடைக்கும்?" என்பதல்ல. "இது வேற தமிழ்ச் சனத்துக்குத் தெரியவருமோ?" என்பதுதான். மொழிபெயர்ப்பாளர் தமிழராக இருந்தால் வேண்டாம் என்கிறோம். தமிழரல்லாத தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு எங்கே போவது? அக்காவின் கலியாணம் முடியும்வரை தம்பியின் பெயரை எந்தப் பதிவிலும் ஏற்றவிடாமல் வைத்திருந்த குடும்பத்தை எனக்குத் தெரியும். அக்காவுக்கு 31 வயதில் கலியாணம் நடந்தது. தம்பி அதற்குள் பள்ளிக்கூடத்தை முடித்திருந்தான், எந்த உதவியும் இல்லாமல்.

எங்கள் பரிசளிப்பு விழாக்களைப் பாருங்கள். பேச்சுப் போட்டி, பாட்டுப் போட்டி, கணிதப் போட்டி. மேடையில் நிற்கும் பிள்ளைகளைப் படமெடுத்துப் போடுகிறோம். மண்டபத்தின் ஒலிபெருக்கி தாங்காமல் காரில் தகப்பனோடு இருந்த பிள்ளையை யாரும் எண்ணுவதில்லை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் கதிரையில் இருக்க முடியாத பிள்ளையின் தாயிடம், "இன்னும் ஒரு வருஷம் கழிச்சுக் கொண்டுவாங்கோவன்" என்று பணிவாகச் சொல்கிறோம். அந்த ஒரு வருஷம் ஒருபோதும் வருவதில்லை. அந்த அலுவலகத்து நிபுணர் தம்பியிடமிருந்து தமிழைப் பறித்தார் என்று நான் முறையிடலாம். ஆனால் தமிழை வளர்க்கவென்றே நாங்கள் கட்டியவையும் இத்தகைய பிள்ளைகளிடமிருந்து அதையே பறிக்கின்றன.

பிறகு, தாயைக் குற்றஞ்சாட்டுகிறோம். "தாய் வேலைக்குப் போனா, பிள்ளை ரீவிக்கு முன்னால வளந்தது." இது எங்கள் கண்டுபிடிப்பல்ல. 1943இல் லியோ கானர் ஓட்டிசத்தை முதலில் விவரித்தபின், அன்பில்லாத தாய்மார்தான் காரணம் என்ற கருத்து அமெரிக்காவில் பரவியது. 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் அதைப் புத்தகமாகவே எழுதினார். அது பொய் என்று நிறுவப் பெற்றோரும் ஆய்வாளரும் ஆண்டுக்கணக்கில் பாடுபட்டார்கள். மேற்கு கழித்துவிட்ட அந்தப் பழஞ்சட்டையை நாங்கள் எடுத்து எங்கள் பெண்களுக்குப் போட்டுவிடுகிறோம்.

இன்னொரு வகை ஆட்களும் உண்டு. தம்பிக்கு ஓட்டிசம் என்று சொன்னால், "அப்ப கணக்கில கெட்டிக்காரனோ?" என்று கேட்பவர்கள். நான் தகவல் தொழில்நுட்பத் துறையில் வேலை செய்கிறேன். இங்கே ஓட்டிசம் உள்ளவர்களையே ஆலோசகர்களாக அமர்த்தும் யூனிக்குஸ் என்ற நிறுவனம் 2009இல் தொடங்கப்பட்டது. அதில் தவறில்லை, நல்லது. ஆனால் கெட்டிக்காரனாக இருந்தால்தான் மன்னிப்பு என்ற கணக்கு எங்களுடையது. தம்பி கணக்கில் சாதாரணம். ஒரு களஞ்சியத்தில் இரவுவேலை செய்கிறான். கெட்டிக்காரனில்லாத ஓட்டிசக்காரனுக்கும் விழா மண்டபத்தில் ஒரு கதிரை வேண்டும்.

*

எதிர்த்தரப்பு வாதங்கள் சில நியாயமானவை. அவற்றுக்கும் பதில் சொல்லவேண்டும்.

முதலாவது, பயம். சிறுவர் பாதுகாப்புச் சேவை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்ற பயம். 2023இல் வந்த ‘மிஸஸ் சாட்டர்ஜி வெர்சஸ் நோர்வே’ படத்தை எங்கள் வீடுகளில் பார்க்காதவர் குறைவு. இந்தப் பயத்தை மூடநம்பிக்கை என்று நான் தள்ளமாட்டேன். 2019 செப்டம்பரில் ஸ்திராஸ்பூர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரவை, ஸ்திராண்ட் லோபன் வழக்கில், நோர்வே குடும்ப வாழ்வுக்கான உரிமையை மீறியதாகத் தீர்ப்பளித்தது. அதற்குப் பின்னரும் அத்தகைய தீர்ப்புகள் வந்தன. ஆகவே பயத்துக்கு அடிப்படை உண்டு. ஆனால் ஓட்டிசம் கண்டறியப்படுவது பிள்ளையை எடுத்துச் செல்வதற்கான காரணம் அல்ல. பள்ளிப் பிள்ளைக்கான நிபுணர் மதிப்பீட்டுக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். மாறாக, ஏன் பிள்ளை அலறுகிறது, ஏன் சாப்பிட மறுக்கிறது, ஏன் பள்ளி போகவில்லை என்பவற்றுக்குப் பெயர் சொல்லத் தெரியாத வீட்டில்தான், பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாமே வளர்ப்புப் பிழையாகத் தெரியும்.

இரண்டாவது, முத்திரை. ஒருமுறை எழுதினால் ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்கிறார்கள். எழுதாவிட்டால் முத்திரை இல்லையா? "விசர்", "மொக்கு", "குழப்படி" எல்லாம் என்ன? நரம்பியற் பன்மை என்ற சிந்தனை 1990களில் ஓட்டிசம் உள்ளவர்களே தங்களுக்குள் பேசி வளர்த்த ஒன்று. மூளைகள் பலவிதம், அதில் ஒருவிதத்துக்காக மட்டும் உலகத்தைக் கட்டிவிட்டு மற்றவர்களை உடைந்தவர்கள் என்காதே என்பது அதன் சாரம். எங்கள் முத்திரைகளைவிட இது எத்தனையோ மேல்.

மூன்றாவது வாதம் எனக்கு மிகப் பிடித்தது, ஏனென்றால் அது உண்மை: ஆய்வாளர்கள் வருவார்கள், எடுப்பார்கள், போவார்கள். எங்கள் கதையில் ஒருவர் பட்டம் பெறுவார், எங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. சரி. ஆனால் நாங்கள் கதவைப் பூட்டினால் அந்த இடம் வெறுமையாகக் கிடக்காது. மினியாபொலிஸில் என்ன நடந்தது பாருங்கள். அங்குள்ள சோமாலியப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளில் ஓட்டிசம் அதிகமாகத் தெரிவதாகக் கேள்வி எழுப்பினார்கள். பதில் சொல்ல ஆய்வாளர்கள் தாமதித்தார்கள். அந்த இடைவெளிக்குள் தடுப்பூசி எதிர்ப்பாளர்கள் புகுந்தார்கள். தடுப்பூசியால் ஓட்டிசம் என்று 1998இல் வேக்ஃபீல்ட் எழுதிய கட்டுரையை லான்செட் சஞ்சிகை 2010இல் மீளப்பெற்றுவிட்டது; ஆனாலும் அந்தக் கதை அங்கே விற்பனையானது. 2017இல் மினசோட்டாவில் சின்னமுத்து பரவி 70க்கும் மேற்பட்டோரைப் பிடித்தது. பெரும்பாலோர் சோமாலியப் பிள்ளைகள். ஆய்வாளர் வராத இடத்துக்கு வியாபாரி வருவான். எங்கள் இடத்துக்கும் வந்துவிட்டான்: நூல் கட்டுபவன், கிரகம் பார்ப்பவன், ஒட்டகப் பால் தூள் விற்பவன், ஆறு மாதத்தில் பேச வைக்கிறேன் என்று கைபேசியில் காணொளி அனுப்புபவன். அவர்களுக்கு மட்டும் நாங்கள் வீட்டு விலாசம் கொடுக்கிறோம்.

என் தொழிலில் ஒரு பாடம் உண்டு. ஒரு மென்பொருளைச் சோதிக்கும்போது எந்தக் கூட்டம் சோதனையில் இல்லையோ, அந்தக் கூட்டத்துக்குத்தான் அது முதலில் உடையும். உடைந்தது மேலிடத்துக்குத் தெரியவும் மாட்டாது, ஏனென்றால் முறைப்பாடு வராது. முறைப்பாடு வராததைப் பிழையில்லை என்று எண்ணிக்கொள்வார்கள். 2020இல் நோர்வேயில் ஓட்டிசமும் தூரெட் நோய்க்குறியும் உள்ளவர்களுக்கான சேவைகள் பற்றி அரசு நியமித்த குழு பெரிய அறிக்கை ஒன்றைக் கொடுத்தது. 2024 ஓகஸ்ட்டில் புதிய கல்விச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இவை எழுதப்படும் மேசைகளில் எங்கள் பிள்ளைகளின் கதை இருக்கவேண்டுமென்றால் அதை யாராவது கொண்டுபோய் வைக்கவேண்டும். வேறு யார் வைப்பார்கள்?

*

கதவைத் திறக்கச் சொல்வது, கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்வதல்ல. நிபந்தனைகளோடு திறக்கலாம்.

ஆய்வாளர்களுக்குச் சொல்லவேண்டியவை இவை. மொழிபெயர்ப்பாளரைக் கொண்டுவாருங்கள். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த மொழிபெயர்ப்புச் சட்டம் பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக்குவதைத் தடைசெய்கிறது. நான் அந்தக் கதிரையில் இருந்து 26 வருடங்கள் கழிந்து வந்த சட்டம். கண்ணுக்குக் கண் பார்க்காத பிள்ளையைக் கண்டால், பெரியவர்களை நேரே பார்க்கக்கூடாதென்று வளர்க்கப்பட்ட பிள்ளையா என்றும் கேளுங்கள். இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள். எங்கள் பெற்றோரிடம் மட்டும் கேட்காமல் எங்கள் இளைஞர்களிடம் கேளுங்கள். அவர்களைக் கேள்விக்குரியவர்களாக மட்டுமன்றிக் கேள்வி கேட்பவர்களாகவும் வையுங்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் எட்மண்ட் சொனுகா-பார்க் தலைமையில் நடந்த ‘ரீ-ஸ்டார்’ ஆய்வு, ஓட்டிசமும் ஏடிஎச்டியும் உள்ள பதின்ம வயதினர் ஏன் மனச்சோர்வுக்குள் விழுகிறார்கள் என்று தேடியது. அங்கே அத்தகைய இளைஞர்களே ஆய்வுக்குழுவில் இருந்தார்கள். என்ன கேட்பது, வந்த பதிலுக்கு என்ன பொருள் என்பதில் அவர்களுக்கும் சொல் இருந்தது. கடைசியாக, முடிவைத் தமிழில் எழுதி எங்களிடம் திருப்பிக் கொடுங்கள்.

எங்களுக்கு நாங்களே சொல்லவேண்டியவையும் உண்டு. 2008இல் ரொறன்ரோவின் ஸ்காபரோவில், நடன ஆசிரியையான கீதா மூர்த்தி தெற்காசியக் குடும்பங்களுக்காக ஓர் ஓட்டிச நிலையத்தைத் தொடங்கினார். அவர் அரசாங்கம் தொடங்கட்டும் என்று காத்திருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலில், சிவபூமிப் பாடசாலை சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்காக நடக்கிறது. போரால் உடைந்த மண்ணில் முடிந்தது. எங்கள் மண்டபங்களில் ஒரு சத்தமில்லாத அறை ஒதுக்க முடியாதா? தமிழ் வகுப்பில் நின்றுகொண்டு படிக்க ஒரு பிள்ளையை விட முடியாதா?

ஓட்டிசம் உள்ள பிரித்தானிய ஆய்வாளர் டேமியன் மில்ற்றன் 2012இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஓட்டிசம் உள்ளவருக்கு மற்றவரின் மனம் புரியாது என்று எல்லோரும் சொல்கிறார்களே, மற்றவருக்கு ஓட்டிசம் உள்ளவரின் மனம் புரிகிறதா? புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது, ஒரு பக்கத்தை மட்டும் நோயாளி ஆக்குகிறோம் என்றார். இதை விளங்கிக்கொள்ள எங்களைவிடத் தகுதியானவர் யார்? பாட்ஸ்பியோர்ட்டில் நாங்கள் வந்திறங்கியபோது, வணக்கம் சொல்லாமல் போகும் நோர்வீஜியர் மனமில்லாதவர்கள் என்று நினைத்தோம். சிரித்துத் தலையாட்டும் நாங்கள் ஒன்றும் விளங்காதவர்கள் என்று அவர்கள் நினைத்தார்கள். அவர்கள் பெரும்பான்மை என்பதால் "ஒருங்கிணையாதவர்" என்ற பெயர் எங்களுக்கு வந்தது. பெரும்பான்மையின் பழக்கம் இயல்பு, உன்னுடையது கோளாறு என்ற தீர்ப்பை வாழ்நாள் முழுக்க எதிர்த்த சனம் நாங்கள். அதே தீர்ப்பை எங்கள் வீட்டுக்குள் எங்கள் பிள்ளைக்கு எப்படி எழுதுகிறோம்?

*

அம்மாவுக்கு இப்போது 72 வயது. மறதி நோய். வைத்தியர் முன்பே சொன்னதுபோல், பிந்தி வந்த மொழி முதலில் போய்க்கொண்டிருக்கிறது. முப்பத்தைந்து வருடங்களில் சேர்த்த நோர்வீஜியம் போய், இப்போது தமிழ் மட்டும் மிஞ்சுகிறது. தேசிமரம் மீண்டும் வந்துவிட்டது. தம்பி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சரியாக இரண்டு மணிக்கு அவரிடம் போவான். அவனுக்குத் தமிழ் தெரியாது. 1996இல் நான் மொழிபெயர்க்காமல் விட்ட கேள்வி, அந்த அறையில் இருவருக்கும் நடுவில் இருக்கிறது.

இந்த வசந்தத்தில் தம்பி எனக்கு ஓர் அட்டவணை அனுப்பினான். மூன்று நிரல்கள். முதலாவதில் சூழ்நிலை: "அம்மா கோட் போட்டுக்கொண்டு கதவடியில் நிற்கும்போது", "அம்மா என்னை மாமா என்று கூப்பிடும்போது", "அம்மா சாப்பிட மறுக்கும்போது". இரண்டாவதில் அவன் சொல்ல விரும்புவது நோர்வீஜியத்தில். மூன்றாவது வெறுமை. "இதில் தமிழை நிரப்பித் தா. சத்தத்தையும் பதிந்து அனுப்பு. அவசரமில்லாமல் பேசு" என்று எழுதியிருந்தான். மொத்தம் 41 வரிகள். முதல் வரிக்கு நான் எழுதியது: "எங்கயம்மா போறீங்கள்? நில்லுங்கோ, நானும் வாறன்."

அம்மாவின் கேள்விக்கு அலுவலகங்களும் பள்ளிக்கூடங்களும் தமிழ்ச் சங்கங்களும் படித்த மூத்த மகனும் 29 வருடங்களாகப் பதில் தேடவில்லை. அவன் தேடியிருக்கிறான். மற்றவரின் மனம் புரியாதவன் என்று எழுதப்பட்டவன் அவன்தான்.

அடுத்த மாதம் ஒஸ்லோவில் இன்னொரு விழா இருக்கிறது. அந்தப் பெரியவரும் வருவார். நான் தம்பியைக் கூட்டிக்கொண்டு போகிறேன். ஒலிபெருக்கிக்குத் தூரமான மூலையில் இரண்டு கதிரைகள் வேண்டும் என்று விழாக்காரரிடம் கேட்டிருக்கிறேன். ஏன் என்று கேட்டார்கள். இந்த முறை காரணத்தைச் சொன்னேன்.